ஏழு டீ, ஒரு சீட்டுக் கடன், ஒரு லைஃப் கோச்

இரண்டு வருடமாக என் சட்டைப் பையில் பேனாவோடு ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை. டாக்டர் ஒருமுறை பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததை, நானே மெடிக்கலில் வாங்கி வாங்கித் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் உற்பத்திக்கும் நடுவில் நிற்கிற வேலை. சாம்பிள் அனுப்ப வேண்டும், நிறத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், சாயப்பட்டறை தாமதித்தால் பையரைச் சமாளிக்க வேண்டும், கப்பலில் போக வேண்டிய சரக்கு தேதி தவறி விமானத்தில் போனால் அந்தச் செலவுக்கு முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்கு ஒரு டாக்டரைப் பார்த்தேன். கழுத்து வலிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். பணத்துக்கு, நண்பர் சொன்ன ஒரு முதலீட்டு ஆலோசகர். வீட்டில் சண்டை அதிகமானபோது அம்மா சொன்ன ஜோசியர். ஒவ்வொருவரும் தங்கள் பங்கைக் குறையில்லாமல் பார்த்தார்கள். வயிற்றைப் பார்த்தவர் கடனைப் பற்றிக் கேட்கவில்லை; கடனைப் பற்றிப் பேசியவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரே ஆளுக்குள் நடக்கிறது என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இதற்கு நடுவில் 'வாழ்க்கையை மாற்றும்' இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்கும் போயிருந்தேன். ஓட்டல் ஹாலில் முந்நூறு பேர் இருப்போம். சத்தமான பாட்டு, கைதட்டல், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடித்து அழுவது எல்லாம் நடந்தது. கட்டணம் 12,000 ரூபாய். இரண்டாம் நாள் மாலை, எல்லோரும் உருகிப்போய் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, ஒன்றரை லட்ச ரூபாய்க்கான அடுத்த கட்டப் பயிற்சிக்குப் படிவம் நீட்டினார்கள். அன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி. கையில் பணம் இல்லாததால் தப்பித்தேன். அந்த இரண்டு நாள் கொடுத்த வேகம் எனக்குள் ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் ஒரு ஷிப்மெண்ட் தவறியது, பழைய ஆளாகிவிட்டேன்.

அதனால், முன்பு என்னோடு வேலை பார்த்து இப்போது கோவையில் இருக்கும் ஒருவர், "ஒரு ஹோலிஸ்டிக் லைஃப் கோச் இருக்காங்க, அவங்ககிட்டப் பேசிப் பாருங்க" என்றபோது மனசு ஒப்பவில்லை. இதுவும் அதே சங்கதிதானே என்று தோன்றியது. முதல் அரை மணி நேரத்துக்குப் பணம் வாங்க மாட்டார் என்று அவர் வற்புறுத்தியதால், ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை வீடியோ அழைப்பில் பேசினேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. எடுத்த எடுப்பில் சொன்னார்: "சார், நான் டாக்டர் இல்லை. மனநல நிபுணரும் இல்லை. நீங்க என்ன செய்யணும்னு நான் சொல்லப் போறதும் இல்லை. கேள்வி கேட்பேன். நீங்க எடுக்கிற முடிவை நீங்க செய்யறதுக்கு என்ன தடையா இருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்." அப்புறம் ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் அனுப்பினார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, 60 நிமிடம். ஒரு சந்திப்புக்கு 2,000 ரூபாய், அந்தந்த முறை கொடுத்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். பேசுவது வெளியே போகாது. என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. இந்தக் கடைசி வரியை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை.

கோச் என்றாலே எனக்கு விளையாட்டு மைதானம்தான் நினைவுக்கு வரும். இந்தத் தொழிலின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். டிமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று திருத்திக்கொண்டே இருப்பதைவிட, பந்து எப்படி வருகிறது என்பதை ஆட்டக்காரரையே கூர்ந்து கவனிக்கச் சொன்னால் ஆட்டம் தானாகத் திருந்துவதைப் பார்த்தார். 1974-இல் அதைப் புத்தகமாக எழுதினார். கார் பந்தய வீரராக இருந்த பிரிட்டனின் ஜான் விட்மோர் அந்த முறையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். 1995-இல் தாமஸ் லியனார்ட் என்ற அமெரிக்கர் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, இன்று பல நாடுகளில் கோச்சுகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிறது. இதில் 'ஹோலிஸ்டிக்' என்று முன்னால் சேர்த்தால், உடம்பு, மனசு, வேலை, பணம், உறவு, ஓய்வு எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுகிற கோச்சிங் என்று பொருள். இதே பெயரை ஒட்டிக்கொண்டு கல் மோதிரம் விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் சந்திப்பில் ஒரு தாளில் வட்டம் போட்டு எட்டுப் பங்காகப் பிரிக்கச் சொன்னார். வாழ்க்கைச் சக்கரம் என்கிறார்கள். பால் ஜே. மேயர் என்ற அமெரிக்கர் 1960-களில் பரப்பிய முறை என்று சொல்வார்கள். எட்டுக்கும் என்ன பெயர் வைப்பது என்பதை என்னிடமே விட்டார். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட வேண்டும். வேலைக்கு 8 போட்டேன். பையனோடு 6, மனைவியோடு 5, அப்பா அம்மாவுக்கு 4, பணத்துக்கு 4, உடம்புக்கு 3, எனக்கென்று இருக்கிற நேரத்துக்கு 2, நண்பர்களுக்கு 1.

நண்பர்களுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "பூஜ்யம் போடாம ஒண்ணு போட்டிருக்கீங்களே, அந்த ஒண்ணு என்ன சார்?"

கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவன் இருக்கிறான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன்தான் கூப்பிடுவான், நான் கூப்பிட்டதில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. அவர் அந்த மௌனத்தை நிரப்ப முயலவில்லை. எனக்குத் தெரிந்த எல்லோரும், நான் உள்பட, அந்த இடத்தில் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்போம்.

அடுத்து, "இந்த எட்டுல எதை ஒரு புள்ளி நகர்த்தினா மத்ததும் கூடச் சேர்ந்து நகரும்?" என்றார். பணம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது தூக்கம் என்று வந்தது. தூங்காத மறுநாள்தான் பையன் மேல் எரிந்து விழுகிறேன், டீயாகக் குடிக்கிறேன், முடிவுகளைத் தள்ளிப் போடுகிறேன். எங்கள் தொழிலில் துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழும். நீடில் லைன் என்போம். நிட்டிங் மெஷினில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கும், அவ்வளவுதான். அந்தத் துணிக்கு என்ன சாயம் போட்டாலும் கோடு போகாது. மெஷினை நிறுத்தி ஊசியை மாற்ற வேண்டும். இருபது வருடமாக நான் துணிக்குச் செய்து வந்ததை எனக்குச் செய்துகொள்ளத் தெரியவில்லை.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். படுத்தது 11:45, தூங்கியது ஒன்றேகால், எழுந்தது ஐந்தரை. டீ, நாளைக்கு ஏழு. கடைசி டீ இரவு ஏழரைக்கு பேக்கரியில். டீயில் இருக்கிற காஃபினில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அப்படியென்றால் நள்ளிரவு தாண்டியும் அந்தக் கடைசி டீ எனக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. சாப்பாடு பத்து மணிக்கு. அதன் பிறகு படுக்கையில் போன். நியூயார்க் பையரின் மெயில் வரும்.

"பத்து மணிக்கு மேல போனைப் பார்க்காம இருக்க முடியாது மேடம், அதுதான் என் வேலையே" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "போன மாசம் பத்து மணிக்கு மேல வந்த மெயில்ல எத்தனைக்கு அன்னிக்கு ராத்திரியே பதில் போட்டாகணும்னு இருந்துச்சு? எண்ணிப் பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணினேன். மொத்தம் 140 மெயில். அன்றிரவே பதில் போட்டே ஆக வேண்டியவை மூன்று.

அந்த மூன்று என்ற எண்ணை நோட்டில் எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மெயிலுக்காக முப்பது இரவு. கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்கள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் வரும்போது நமக்கு மாலை ஆறரை. நான் எட்டரை வரைக்கும் ஆபீசில்தான் இருக்கிறேன். அதாவது அவர்களுடைய முதல் இரண்டு மணி நேரம் எனக்கும் வேலை நேரம்தான். "அன்றே பதில் வேண்டிய கேள்விகளை உங்கள் நேரம் பதினொரு மணிக்குள் அனுப்ப முடியுமா? அதற்குப் பிறகு அவசரம் என்றால் இந்த எண்ணில் அழையுங்கள்" என்று பையர் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டேன். அனுப்புகிற பொத்தானை அழுத்த எனக்கு நான்கு நாள் ஆனது. வந்த பதில் ஒரே சொல்: சரி.

போனை ஹால் அலமாரியில் வைத்து சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்க ஆரம்பித்தேன். வெறுமனே 'போனைக் குறைப்பேன்' என்று சொன்னால் நடக்காது என்று கோச் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே வாக்கியமாக எழுதி வைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த முறை அது. "பல் தேய்த்து முடித்ததும் போனை அலமாரியில் வைப்பேன்", "மாலை நாலு மணிக்கு மேல் பேக்கரிக்கு யாராவது கூப்பிட்டால் சுக்குமல்லி காபி சொல்வேன்." கேட்க அற்பமாக இருக்கும். எனக்கு வேலை செய்தது இந்த அற்பம்தான்.

மூன்று வாரத்தில் சீக்கிரம் தூக்கம் வர ஆரம்பித்தது. ஆனால் விடிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நான்காவது சந்திப்பில் அதைச் சொன்னேன். "அந்த நாலு மணிக்கு மனசுல முதல்ல என்ன வருது?" என்று கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "இப்படியே எழுந்திருக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணும்."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா, அதற்கு ஏதாவது திட்டம் வைத்திருக்கிறீர்களா என்று நேராக, குரல் மாறாமல் கேட்டார். திட்டம் எதுவும் இல்லை, வெறும் அலுப்புதான் என்றேன். அது உண்மை. ஆனாலும் அவர் அன்றைய கோச்சிங்கை அதோடு நிறுத்தினார். "இது என் வேலையோட எல்லை சார். இதுக்கு டாக்டர்தான். பார்த்துட்டு வாங்க, நான் காத்திருக்கேன்" என்றார். டெலி மானஸ் எண் 14416-ஐ என் போனிலேயே சேமிக்க வைத்தார். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அந்த வாரத்துக்கான 2,000 ரூபாயை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என் அனுமதியோடு என் மனைவிக்கும் போன் செய்து, டாக்டரிடம் கூடப் போகச் சொன்னார்.

லைஃப் கோச்சிங் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த நாளைத்தான். தன் எல்லை எது என்று தெரிந்த கோச்தான் என்னைக் காப்பாற்றினார். எல்லாவற்றையும் 'பாசிட்டிவா நினைங்க' என்று மூடுகிற ஆளிடம் நான் அன்று மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

மனநல மருத்துவர் முக்கால் மணி நேரம் பேசினார். மனச்சோர்வின் ஆரம்ப நிலை என்றார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 சதவீதம், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. வைட்டமின் பி12 மிகவும் குறைவு. நான் போட்டுக்கொண்டிருந்த நெஞ்செரிச்சல் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் புருவத்தைச் சுருக்கினார். அமிலத்தைக் குறைக்கிற அந்த வகை மாத்திரைகளை வருடக்கணக்கில் போட்டால், சாப்பாட்டிலிருந்து பி12 உடம்பில் சேர்வது குறையலாமாம். பி12 குறைந்தால் அசதி வரும், மனசும் சோரும். என் விஷயத்தில் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். ராத்திரி வேலை, அதனால் டீ, தாமதமான சாப்பாடு, அதனால் நெஞ்செரிச்சல், அதற்கு மாத்திரை, அதனால் பி12, அதனால் அசதி, அசதிக்கு மறுபடி டீ. ஒரு வட்டம் முழுவதும் என் கண் முன்னால் மூடியது. பி12 ஊசி போட்டார்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்தினேன். மனச்சோர்வுக்கு மருந்து உடனே வேண்டாம், நான்கு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். வாராவாரம் ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஐந்து வாரம் கழித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கோச்சிங்குக்குத் திரும்பினேன். அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாத விஷயம் வெளியே வந்தது.

சொந்தக்காரர் ஒருவர் நடத்திய சீட்டில் 3,80,000 ரூபாய் போயிருந்தது. பதிவு செய்யாத சீட்டு. 1982-ஆம் வருடத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொந்தத்தில் கேட்க வாய் வரவில்லை. போன பணம் வீட்டில் தெரியக் கூடாது என்று பர்சனல் லோன் வாங்கி அந்த இடத்தை நிரப்பினேன். மாதம் 10,400 ரூபாய் தவணை. கம்பெனியில் இன்சென்டிவ் குறைத்துவிட்டார்கள் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வருடம்.

கோச் எனக்குப் பண ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. "சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க? சொல்லாததால இப்ப என்ன ஆகிட்டிருக்கு?" இரண்டையும் இரண்டு பத்தியாக எழுதச் சொன்னார். முதல் பத்தியில் நான்கு வரி. இரண்டாவது பத்தி தாளின் மறுபக்கத்துக்குப் போனது. சம்பள நாள் வந்தாலே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பேக்கரியில் உட்கார்ந்திருந்தது, மனைவி பாஸ்புக்கைக் கேட்டபோதெல்லாம் சண்டை இழுத்தது, எல்லாம் அங்கே வந்தது. சண்டைக்கு ஜாதகத்தைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது, எங்கே, முதல் வாக்கியம் என்ன என்று தயார் செய்தோம். அந்த முதல் வாக்கியத்தை அழைப்பிலேயே மூன்று முறை சத்தமாகச் சொல்ல வைத்தார். "அவள் கோபப்பட்டால் நான் எழுந்து வெளியே போக மாட்டேன்" என்று எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பையன் டியூஷனுக்குப் போயிருந்தான். சொல்லி முடித்தேன். அவள் வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பணம் போனதுகூடப் போகட்டுமுங்க. ரெண்டு வருசம் எங்கிட்டப் பொய் சொல்லிட்டு எப்படீங்க தூங்குனீங்க?"

"தூங்கலை" என்றேன்.

மூன்று நாள் அவள் பேசவில்லை. நானும் எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே இருந்தேன். நான்காம் நாள் இரவு ஒரு நோட்டை எடுத்துவந்து, "எல்லாக் கணக்கையும் சொல்லுங்க" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நிட்டிங் கம்பெனியில் கணக்கு எழுதியவள். பதினாறு வருடமாக அந்தத் திறமையை இந்த வீட்டில் நான் பயன்படுத்தவிடவில்லை. தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த இரண்டு சேமிப்புகளை நிறுத்தி, அந்தப் பணத்தைக் கடனில் கட்டினாள். இப்போது வீட்டுக் கணக்கு முழுக்க அவளிடம்தான். வட்டத்தில் மனைவியோடான மதிப்பெண்ணை மறுமுறை போட்டபோது 5 என்பது 4 ஆகக் குறைந்தது. முன்பு போட்ட 5 பொய்யான 5 என்று கோச்சிடம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் 6 போட்டேன்.

எல்லாம் இப்படிச் சரியாக நடந்ததாக நினைக்க வேண்டாம். தினமும் நன்றி உணர்வை எழுதும் நோட்டு ஒன்றை முயன்று பார்க்கச் சொன்னார். எனக்கு ஒட்டவே இல்லை, சொன்னேன், விட்டுவிட்டோம். காலையில் நாற்பது நிமிடம் நடை என்று எழுதியது தீபாவளி நெருக்கத்தில் உடைந்து போனது. பன்னிரண்டு நாள் நடக்கவில்லை. எல்லாம் போச்சு என்று பேசியபோது அவர் ஒரு ஆய்வைச் சொன்னார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள் 96 பேரைக் கவனித்து, புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று அந்தப் பயிலரங்கில் சொன்னதை நம்பி, 22-ஆம் நாள் என்னை நானே திட்டிக்கொண்டவன் நான். நடையை இருபது நிமிடமாகக் குறைத்து மறுபடி ஆரம்பித்தேன்.

கோச் தேடுகிறவர்களுக்கு நான் பட்டதிலிருந்து சில விஷயம். நம் நாட்டில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கோச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் நாம்தான் விசாரிக்க வேண்டும். எங்கே பயிற்சி எடுத்தீர்கள், எத்தனை மணி நேரம் கோச்சிங் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் மேலே சொன்ன சர்வதேசக் கூட்டமைப்பின் மூன்று படிகளுக்கும் முறையே 100, 500, 2,500 மணி நேர அனுபவம் வேண்டும். சான்றிதழ் இருப்பதாலேயே நல்ல கோச் ஆகிவிட மாட்டார், ஆனால் கேள்வி கேட்டதும் முகம் சுளிக்கிறாரா என்பது தெரிந்துவிடும். "யாரையாவது டாக்டரிடம் அனுப்பியிருக்கிறீர்களா?" என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவர், இன்றைக்கே சேர்ந்தால்தான் தள்ளுபடி என்பவர், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், இவர்களிடம் போகவே வேண்டாம். அப்புறம், முதல் பேச்சில் உங்களைவிட அவர் அதிகம் பேசினால் அதையும் கவனியுங்கள்.

மொத்தம் பத்து சந்திப்பு, அதில் ஒன்றுக்கு அவர் வாங்கவில்லை, ஆக 18,000 ரூபாய். எங்கள் ஊரில் ஒரு டெய்லரின் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வருகிற தொகை அது. எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும், அது என்னை உறுத்துகிறது. அதனால்தான் கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டுகிறேன். நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து இதைச் செய்யலாம். ஒருவர் பேச, மற்றவர் அரை மணி நேரம் அறிவுரையே சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். எனக்கு உதவிய கேள்விகள் நான்கைந்துதான். இப்போது எது உறுத்துகிறது? எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? வேறு என்ன வழி இருக்கிறது? இந்த வாரத்துக்குள் எந்த ஒன்றைச் செய்யப் போகிறீர்கள்? அறிவுரை சொல்லாமல் இருப்பதுதான் இதில் மிகக் கஷ்டம். என் கீழே வேலை செய்யும் பையன்களிடம் முயன்று பார்த்தேன். முதல் முறை மூன்று நிமிடம் தாங்கினேன். மனசு மிகவும் இருண்டிருந்தால் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், 14416-ஐக் கூப்பிடுங்கள், அல்லது டாக்டரிடம் போங்கள்.

வேலை குறையவில்லை. பையர் மாறவில்லை. சாயப்பட்டறை இன்றைக்கும் இரண்டு நாள் தாமதம்தான். டீ மூன்று ஆகியிருக்கிறது. மனசு பற்றி நான்கு வாரம் கழித்தும், அதற்கு அடுத்த முறையும் டாக்டர் பார்த்தார், மருந்து தேவைப்படவில்லை. சட்டைப் பையில் பேனா மட்டும் இருக்கிறது. கல்லூரி நண்பனை இந்த முறை பொங்கலுக்குக் காத்திருக்காமல் நானே கூப்பிட்டேன். எடுத்ததும், "என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான். ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் என்று நம்பவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம்.

வட்டத்தில் அப்பா அம்மாவுக்கான இடம் மட்டும் இன்னும் 4-இலேயே இருக்கிறது. அப்பா தாராபுரம் பக்கத்தில் தோட்டத்திலேயே இருக்கிறார். போனால் இருவரும் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். போன சந்திப்பில் கோச் கேட்டார்: "அவர்கிட்ட நீங்க கேட்காத கேள்வி ஏதாவது இருக்கா?" இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.